தீப்பெட்டியும் புத்தகமும்

இணையக் கடைகளில் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதும் வாசகன் தன்னையும் இலக்கியத்தையும் சேர்த்தே அவமதித்துக்கொள்கிறான் என்று சென்ற இதழில் ஒரு மூத்த விமர்சகர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். எட்டுப் பக்கக் கட்டுரை. அதன் அலங்காரங்களை உரித்து, மேற்கோள்களை ஒதுக்கி வைத்தால் உள்ளே ஐந்து வாதங்கள் மிஞ்சுகின்றன. ஆசிரியன் கொள்ளத்தக்க எழுவகை மதங்களில் ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’ என்று ஒன்றை நன்னூலார் வைத்திருக்கிறார்: எதிராளியின் கருத்தை முதலில் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறகு தள்ளுவது. ஐந்தையும் அப்படியே வாங்கிக்கொள்கிறேன். படிப்பவர்கள் இரண்டு பக்கத்தையும் எடைபோடத் தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. அந்த நம்பிக்கை கட்டுரையாளருக்கு இல்லை என்பதுதான் இந்தச் சச்சரவின் வேர்.

முதல் வாதம் இடத்தைப் பற்றியது. சோப்பும் செருப்பும் குக்கரும் விற்கும் இடத்தில் நாவலைப் பற்றிப் பேசினால் நாவலின் மரியாதை போய்விடுமாம். தமிழ்ப் புத்தகத்தின் வரலாறு தெரிந்த ஒருவர் இதை எப்படி எழுத முடிந்தது? 1920இல் பாரதி தன் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, நூலுக்கு 10,000 பிரதி அச்சிடத் திட்டம் போட்டு, கடனுதவி கேட்டு அன்பர்களுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். அந்த நூல்கள் தமிழ்நாட்டில் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடச் சாதாரணமாக, அவற்றைவிட வேகமாக விலைபோகும் என்பது அதில் அவர் தெரிவித்த உறுதி. மளிகைக்கடைச் சரக்கோடு தன் கவிதையை ஒப்பிட அந்த மனிதர் கூசவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தீப்பெட்டி இருப்பதுபோல் புத்தகமும் இருக்க வேண்டும் என்று ஏங்கினார். நூறு ஆண்டு கழித்து, அந்த ஏக்கத்தைப் பாதியாவது நிறைவேற்றக்கூடிய ஒரு கடைத்தெரு வந்திருக்கிறது. பாரதி கூசாத இடத்தில் கட்டுரையாளருக்கு எதற்காகக் கூச்சம்?

சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் சல்லிசாக விற்ற பாட்டுப் புத்தகங்களை அன்றைய படிப்பாளிகள் இதே முகச்சுளிப்போடுதான் கடந்து போனார்கள். இன்று அவற்றுக்கு முச்சந்தி இலக்கியம் என்று பெயர் சூட்டி, ஆவணக் காப்பகங்களில் தேடி எடுத்து ஆராய்கிறோம். சி. சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். பிறகு தான் பதிப்பித்த புத்தகங்களை மூட்டை கட்டித் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவர் விமர்சகரா, வியாபாரியா? இரண்டும்தான். 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் டெல்லி அப்பளத்துக்கு நிற்கும் கூட்டத்தைத் தாண்டித்தான் கவிதைத் தொகுப்பு இருக்கும் அரங்குக்குப் போக வேண்டும். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து கையெழுத்திடும்போது கட்டுரையாளரின் மூக்கில் எண்ணெய் வாசனை ஏறவில்லை. இணையத்தில் குக்கர் படத்தைப் பார்த்ததும் மட்டும் ஏறிவிடுகிறது.

இரண்டாவது வாதம் தகுதி பற்றியது. விமர்சனம் பயிற்சி பெற்றவர்களின் காரியம், கண்டவனெல்லாம் நட்சத்திரம் போடக் கூடாது என்கிறார். பயிற்சியை நான் மதிக்கிறேன், க. நா. சு., வெங்கட் சாமிநாதன் போன்ற விமர்சகர்களைப் படித்து வளர்ந்தவன் மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் பயிற்சி பெற்றவர் சொல்லும் உண்மைக்கும் படித்து முடித்தவர் சொல்லும் உண்மைக்கும் நடுவே இவர் சுவர் கட்டுவது எதன்பேரில்? குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று தொடங்கி, சென்று தேய்ந்திறுதல், நின்று பயனின்மை வரை ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் வரிசைப்படுத்துகிறது. இவற்றில் எதைக் கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டும்? நானூறு பக்க நாவலில் முந்நூறுக்கு மேல் கதை தேய்ந்து இற்றுப்போகிறது என்பது விடிய விடியப் படித்த ஒரு செவிலியருக்குத் தெரியாதா? சொன்னதையே சொல்கிறார் என்று ஒரு பேருந்து நடத்துனருக்குச் சொல்லத் தெரியாதா? கலைச்சொல் தெரியாமல் இருக்கலாம், குற்றம் தெரியும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு நான்கு அச்சு மதிப்புரைகள் வந்தன. நான்கையும் எழுதியவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள். நான்கும் என்னைப் பாராட்டின. நான்கிலும் எனக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. பிறகு ஓர் இணையக் கடையில் முகம் தெரியாத ஒருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்து ஆறே வரி எழுதியிருந்தார். என் கதைகளில் வரும் பெண்கள் எல்லோரும், கிழவி முதல் பள்ளிக்கூடத்துச் சிறுமி வரை, ஒரே குரலில் பேசுகிறார்கள் என்பது அதன் சாரம். இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் தொகுப்பை எடுத்துச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. இரண்டாம் பதிப்பில் மூன்று கதைகளைத் திருத்தினேன். அந்த ஆறு வரிதான் எனக்குக் கிடைத்த விமர்சனம். அதை எழுதியவருக்குத் தகுதி இல்லை என்று இன்னொருவர் சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன்.

மூன்றாவது வாதத்தில்தான் கட்டுரையாளர் தன் முழு பலத்தையும் இறக்கியிருக்கிறார். இணைய மதிப்புரைகளில் போலிகள் மலிந்திருக்கின்றன, காசுக்கு நட்சத்திரம் விற்கிறார்கள், ஆகவே நாணயமான வாசகன் அங்கே கால் வைக்கக் கூடாது. போலிகள் உண்டு, அதை மறுக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. அமெரிக்காவில் ஒருவர் இதைத் தொழிலாகவே நடத்தினார்: ஒரு மதிப்புரைக்கு 99 டாலர், இருபதுக்கு 499, ஐம்பதுக்கு 999. கிண்டிலில் பத்து லட்சம் பிரதி விற்ற முதல் சுயபதிப்பு எழுத்தாளர் என்று கொண்டாடப்பட்ட ஜான் லாக் அவரிடம் முந்நூறு மதிப்புரை வாங்கியது 2012இல் வெளியே வந்தது. கட்டுரையாளர் சொல்லாத மோசடிகளையும் நானே எடுத்து வைக்கிறேன். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தால் அவருடைய வாதம் தன்னைத் தானே தின்றுவிடுகிறது.

2004இல் அமேசானின் கனடா தளத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறால் பெயர் மறைத்து எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாள் வெளியே தெரிந்தன. தன் நாவலுக்குத் தானே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் ஒருவர் ஜான் ரெச்சி, 1963 முதல் அமெரிக்க இலக்கியத்தில் பெயர் பெற்ற நாவலாசிரியர். 2010இல் மாட்டியவர் ஆர்லாண்டோ ஃபைஜஸ். லண்டனில் வரலாற்றுப் பேராசிரியர், ரஷ்ய வரலாற்றில் உலகம் அறிந்த பெயர். புனைபெயரில் சக ஆய்வாளர்களின் நூல்களைத் தாழ்த்தியும் தன் நூலை உயர்த்தியும் எழுதினார். குட்டு உடையும்போது முதலில் பழி மனைவிமேல் விழுந்தது, பிறகுதான் தானே ஒப்புக்கொண்டார். 2012இல் ஆர். ஜே. எல்லரி, விருது பெற்ற துப்பறியும் நாவலாசிரியர். தன் நாவலைப் பொய்ப் பெயரில் வானளாவப் புகழ்ந்து, போட்டியாளர்களின் நூல்களை மட்டம் தட்டினார். 2023 டிசம்பரில் கெய்ட் கோரெய்ன், முதல் நாவலே இன்னும் வெளிவராத எழுத்தாளர். போலிக் கணக்குகள் திறந்து தன்னைப்போலவே அறிமுகமாக இருந்த மற்றவர்களின் நூல்களுக்கு ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளினார். பதிப்பகம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

இந்தப் பட்டியலில் வாசகர் எங்கே? நாவலாசிரியர், பேராசிரியர், விருதாளர், அறிமுக எழுத்தாளர். பயிற்சி பெற்றவர்கள், தகுதி உள்ளவர்கள், இரண்டாவது வாதத்தில் கட்டுரையாளர் எந்த வர்க்கத்துக்குச் செங்கோல் கொடுத்தாரோ அந்த வர்க்கம். விலைக்கு எழுதிக் கொடுத்த கூலிக் கைகள் இருந்தன. ஆனால் காசு கொடுத்தவனும் எழுத்தாளன்தான். எழுத்தாளர்கள் செய்த களவுக்கு வாசகனைச் சந்தையைவிட்டு வெளியேற்றச் சொல்லும் நியாயத்தை எந்தச் சபையில் கற்றார்? இரண்டாவது வாதமும் மூன்றாவது வாதமும் ஒன்றின் கழுத்தை ஒன்று நெரிக்கின்றன. நன்னூல் இதற்கும் பெயர் வைத்திருக்கிறது: மாறுகொளக் கூறல்.

போலியைக் கண்டு பயந்து ஒதுங்கச் சொல்லும் ஆலோசனை, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. கணக்கைப் பாருங்கள். ஒருவரும் எழுதாத ஒரு நூலின் பக்கத்தில் ஐந்து போலிகள் ஐந்து ஐந்தாக நட்சத்திரம் போட்டால் அந்த நூலின் மதிப்பு 5. அதே பக்கத்தில் நாற்பது நாணயமான வாசகர்கள் சராசரியாக மூன்றரை கொடுத்திருந்தால், ஐந்து போலிகள் சேர்ந்தாலும் மதிப்பு 3.7ஐத் தாண்டாது. கடையின் கணக்கு வெறும் சராசரியைவிடச் சிக்கலானது; ஆனாலும் அடிப்படை மாறாது. வெறிச்சோடிய பக்கம்தான் திருடனுக்கு வசதி. நாணயமானவர்களை விலகச் சொல்கிறவர் அந்த வசதியைச் செய்து கொடுக்கிறார். உலகம் விலகிப் போகவில்லை. விமர்சனத்துக்கு ஈடாகப் பொருளை இலவசமாகக் கொடுப்பதை 2016இல் அமேசான் தடை செய்தது. நூல்களின் முன்பிரதிகளுக்கு விலக்கு வைத்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. அமெரிக்க வணிக ஆணையத்தின் போலி விமர்சனத் தடை விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவை போதுமா என்று கேட்டால், போதாது. ஆனால் களையெடுக்க இறங்கியவனைப் பார்த்து வயலையே தரிசாகப் போடு என்று சொல்பவன் விவசாயி ஆக மாட்டான்.

அச்சு விமர்சனம் மாசற்றது என்ற பாவனை கட்டுரை முழுவதும் ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: நூல் தொடங்குவதற்கு முன்பே பக்கம் பக்கமாகச் சாத்துகவிகள். வித்துவான்களிடம் பாராட்டுப் பாட்டு வாங்கிச் சேர்ப்பது அன்றைய எழுத்தாளரின் பெரும் வேலை. சிறப்புப் பாயிரம் எழுதத் தக்கவர்கள் யார் என்று நன்னூலே சொல்கிறது: ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன். எல்லோரும் நெருங்கியவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பாயிரம் பாடியவர் தன் பெயரோடு பாடினார், இன்னார் இன்னாருக்கு என்ன உறவு என்பது ஊருக்குத் தெரியும். இன்றைய அச்சு மதிப்புரையில் அந்த உறவு எந்த மூலையில் எழுதப்பட்டிருக்கிறது? ஒரே பதிப்பகத்தின் எழுத்தாளர், அதே பதிப்பகத்தின் இதழில், சக எழுத்தாளரின் நூலைப் பாராட்டும்போது யாராவது அதை அறிவிக்கிறார்களா? எழுத்தாளரின் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதக் கூடாது என்று அமேசான் விதி வைத்திருக்கிறது. மீறுகிறார்கள் என்பது வேறு. அந்த விதியைத் தன் இதழில் எழுதிவைக்கும் துணிவு எந்தத் தமிழ் இலக்கிய ஆசிரியருக்கு உண்டு?

நான்காவது வாதம் உழைப்புச் சுரண்டல். வாசகன் இலவசமாக எழுத, நிறுவனம் லாபம் பார்க்கிறது என்கிறார். இதில் ஓர் உண்மை இருக்கிறது; அதை நான் குறைக்க விரும்பவில்லை. வாசகர்களின் மதிப்புரைகளால் வளர்ந்த குட்ரீட்ஸ் தளத்தை 2013இல் அமேசான் விலைக்கு வாங்கியது. இந்தியாவில் கிண்டில் வழியாக 70 சதவீத ராயல்டி வேண்டும் என்றால், அந்த மின்னூலை வேறெங்கும் விற்காமல் அவர்களிடமே கட்டிப்போட வேண்டும். இவை கண்டிக்கத் தக்கவை, நானும் கண்டிக்கிறேன். ஆனால் இந்தக் கண்டனத்தை எழுதியவரின் கடைசி நான்கு நூல்களும் அதே கடையில் விற்பனைக்கு இருக்கின்றன. அங்கிருந்து வரும் ராயல்டி இவர் கைக்கு வரலாம், வாசகனின் நாலு வரி மட்டும் அங்கே போகக் கூடாதா? இலவச உழைப்பு குற்றம் என்றால், அதற்கு மாற்றாக இவர் பரிந்துரைக்கும் சிற்றிதழ்கள் மதிப்புரைக்கு எவ்வளவு சன்மானம் தருகின்றன? எனக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் இதழின் இரண்டு பிரதிகள். மேலும், கடையில் பதிவிட்ட எழுத்தின் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. கடைக்குக் கிடைப்பது தனியுரிமை இல்லாத அனுமதி. அதே மதிப்புரையைச் சிற்றிதழுக்கும் அனுப்பலாம், நூலக வாசகர் வட்டத்திலும் படிக்கலாம். அங்கே எழுதினால் இங்கே எழுத முடியாது என்ற நெருக்கடி கட்டுரையாளரின் கற்பனையில் மட்டுமே இருக்கிறது.

ஐந்தாவது வாதம்தான் கொடியது. எழுத்தாளருக்கு ஆதரவு தேடுவது பிச்சை, நல்ல நூல் தன் வாசகனைத் தானே கண்டடையும் என்கிறார். எப்போது கண்டடைந்தது? புதுமைப்பித்தன் 1948இல் நோயிலும் வறுமையிலும் செத்தபோது அவர் நூல்கள் எந்த வாசகனைக் கண்டடைந்துகொண்டிருந்தன? பாரதியின் 40 நூல்களும் அவர் நினைத்தபடி அச்சேறினவா? செல்லப்பாவின் தோளில் இருந்த மூட்டைக்குத் தானாக நடக்கத் தெரிந்திருந்தால் அவர் ஏன் சுமந்தார்? நல்ல நூலை வாசகனிடம் சேர்ப்பது இன்னொரு வாசகனின் வாய். இதுவரை அந்த வாய் டீக்கடையிலும் விடுதி அறையிலும் பேசியது. இப்போது புத்தகக்கடையே இல்லாத ஊரிலிருக்கும் ஒருவரும், டொரன்டோவில் பனிக்கு நடுவே தமிழ் நாவல் தேடும் ஒருவரும், வாங்கும் இடத்திலேயே அந்த வாயைக் கேட்கிறார்கள்.

இது உணர்ச்சிப் பேச்சு என்று அவர் ஒதுக்குவதற்கு முன் இரண்டு ஆய்வுகளைப் பார்க்கட்டும். ஜுடித் ஷெவாலியரும் டினா மேஸ்லினும் அமேசானையும் பார்ன்ஸ் அண்ட் நோபிளையும் ஒப்பிட்டு 2006இல் வெளியிட்டது ஒன்று. ஒரு நூலின் மதிப்புரைகள் ஒரு தளத்தில் மேம்பட்டால் அந்தத் தளத்தில் அதன் விற்பனை ஒப்பளவில் கூடுகிறது. ஐந்து நட்சத்திரத்தின் பலத்தைவிட ஒற்றை நட்சத்திரத்தின் அடி பெரிது. வாங்குகிறவர்கள் எண்ணோடு நின்றுவிடாமல் எழுதியிருப்பதையும் படிக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நட்சத்திரத்தை எண்ணும் மந்தை என்று கட்டுரையாளர் வருணித்த வாசகர்கள் இவர்கள்தான். மற்றது 2010இல் பெர்கர், சோரன்சன், ராஸ்முசன் மூவரும் செய்தது. நியூயார்க் டைம்ஸில் வந்த எதிர்மறை மதிப்புரை, புகழ்பெற்றவர்களின் விற்பனையைக் குறைத்தது. பெயர் தெரியாத எழுத்தாளர்களின் விற்பனையையோ 45 சதவீதம் கூட்டியது. அறியப்படாத எழுத்தாளனுக்குத் திட்டைவிட மௌனம்தான் விஷம். கட்டுரையாளர் தமிழ் வாசகனிடம் கேட்பது அந்த மௌனத்தை.

ஏன் கேட்கிறார்? இங்கேதான் கட்டுரை சொல்லாமல் மறைக்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் புத்தகக் காட்சியையொட்டி வாங்க வேண்டிய நூல்களின் பட்டியல் ஒன்றை அவர் வெளியிடுகிறார். அதில் இடம் பெற இளம் எழுத்தாளர்கள் பிரதியோடு அவர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். க. நா. சு.வும் பட்டியல் போட்டார். ஆனால் அவர் நாளில் வாசகனுக்கு வேறு வாசல் இல்லை. இன்று இருநூறு வாசகர்கள் இருநூறு ஊரிலிருந்து படித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினால் அந்தப் பட்டியல் இருநூற்று ஒன்றாவது குரல் ஆகிவிடும். அதன் நியாயம் அதன் வாதத்தில் இருந்தால் அப்போதும் நிற்கும். வாசலைக் காப்பதில் மட்டுமே இருந்தால் சரியும். சரியும் என்ற பயம்தான் எட்டுப் பக்கமும் எழுதவைத்திருக்கிறது.

தொல்காப்பியம் அரங்கேறியபோது அவையில் அதங்கோட்டாசான் இருந்தார் என்கிறது பனம்பாரனார் பாயிரம். அவர் குற்றம் தேடிக் கேட்கக் கேட்க, நூலாசிரியர் விடை சொன்னார் என்பது மரபு. கேள்வியை நேர்கொள்ளாத நூல் தமிழில் நூலாகாது. அந்த அவை இப்போது பெருகியிருக்கிறது. கேட்பவர்களின் ஊரும் தொழிலும் மாறியிருக்கின்றன. அவர்களிடம் நான் வேண்டுவது கொஞ்சம்தான். முழுக்கப் படித்துவிட்டு எழுதுங்கள். பாதியில் நிறுத்தினால் எந்தப் பக்கத்தில், ஏன் என்று சொல்லுங்கள். எழுத்தாளர் நண்பர் என்றால் எழுதாதீர்கள். அச்சுப் பிழை, கெட்ட கட்டமைப்பு, திணறும் மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள்; அடுத்த பதிப்புக்கு உதவும். பாராட்டினால் காரணத்தோடு பாராட்டுங்கள்.

நான் இதைச் செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கட்டுரையாளரின் கடைசி நூல் அந்தக் கடையில் பதினான்கு மாதமாக விற்பனையில் இருக்கிறது. நேற்று இரவு வரை அதன் பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை; அவர் கேட்ட மௌனம் அவருக்கே கிடைத்திருந்தது. காசு கொடுத்து வாங்கி, இரண்டு முறை படித்தேன். சொந்தப் பெயரில் எழுதினேன். சிற்றிதழ்களின் பொருளாதாரம் பற்றிய இரண்டு கட்டுரைகள் தமிழில் இதுவரை யாரும் எழுதாதவை, அவற்றுக்காகவே நூலை வாங்கலாம். மூன்றாம் பகுதி முழுவதும் கூறியது கூறல். பொருளடைவு இல்லாதது பெருங்குறை. மூன்று நட்சத்திரம். அவர் வெறுக்கும் அந்த இடத்தில், அவர் நூலுக்குக் கிடைத்த முதல் வாசகக் குரல் அது. அதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் அந்த இரண்டு கட்டுரைகளுக்காக நூலை வாங்கினால், இந்த விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.